நிறுத்தச் சொன்ன கை

மார்ச் 4

குட்டிம்மா,

ஆற்றுப் பாலம் நடுவில் உட்கார்ந்துபோய், அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாம் படகுக்கு வரிசையில் நின்றார்களே, அந்த வருஷம். அதே வருஷம்தான் துறைமுகத்தில் மஞ்சள் கிரேன் சாய்ந்தது. அதே வருஷம்தான் உன் அம்மா போனாள், பேத்திக்கு முன்பல் விழுந்தது. என்னை இந்த முதியோர் இல்லத்தில் எந்த வருஷம் சேர்த்தோம் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் இது. எண்ணாக எனக்குச் சொல்லத் தெரியாது. நீ மாற்றிக்கொள்.

அன்றைக்கு மேலாளர் என்ன சொன்னார் என்றும் கேட்டிருக்கிறாய். அது கண் முன்னால் நிற்கிறது. நீ நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மாதத் தொகையைச் சொன்னார். நீ, "வேற ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டாய். "இதுக்கு மேல ஒரு காசு கிடையாதும்மா. இனிமே உங்க அப்பா எங்க அப்பா" என்றார். உனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது உன் பேனா எழுதவில்லை, அவர் பேனாவைத்தான் கொடுத்தார். அந்த மனுஷன் அடுத்த மழைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இருப்பவரைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்க்க முடியும்.

எதற்கு இதையெல்லாம் இப்போது கேட்கிறாய்?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அறையில் நாலு கட்டில். ஜன்னலோரம் தையல்காரர், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் அவர்தான். அவருக்கு எதிரே டிரைவர். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர், இன்னும் தூக்கத்தில் பிரேக் மிதிக்கிறார். கதவோரம் சம்பந்தி. அவர் யாருக்கும் சம்பந்தி இல்லை. அறைக்குள் யார் வந்தாலும், கட்டிக்கொடுக்கிற வயசில் வீட்டில் பெண் இருக்கிறதா, பையன் இருக்கிறானா என்று விசாரிப்பார், அதனால் அந்தப் பெயர்.

புதுசாக ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மணி வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பொத்தான். அமுக்கினால் நர்ஸ் பெண் வந்து நிற்கிறாள். நான் துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கையைக் காட்டி இரும்பைத் தூக்கவைத்தவன், இப்போது விரலை வைத்தால் மனுஷி வருகிறாள். தண்ணீருக்கு ஒரு தடவை, ஜன்னலைச் சாத்த ஒரு தடவை, முதுகுத் தலையணைக்கு ஒரு தடவை. நேற்று சும்மா, அவள் சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு தடவை.

காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது. போன் வேண்டாம், கடிதமே போடு. தையல்காரர் என் காதில் வாயை வைத்துக் கத்திப் படிக்கிறார். அதனால் உன் கடிதம் எனக்கு மட்டும் வருவதில்லை, அறைக்கே வருகிறது. பேத்தி பரீட்சை என்ன ஆயிற்று என்று எனக்கு முன்னால் டிரைவர் கேட்கிறார்.

(தையல்காரன் சேர்த்து எழுதுவது: அம்மா, உங்கள் அப்பா அமுக்குகிற அமுக்கில் பொத்தான் சுவருக்குள் போய்விடும் போலிருக்கிறது.)

உன் அப்பா


மார்ச் 29

அன்புள்ள அப்பா,

மணியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

இல்லத்திலிருந்து மாதாமாதம் பில் வருகிறது. அன்றைக்கு மேலாளர் சொன்ன தொகை முதல் வரியில் அப்படியே இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. கீழே பொடி எழுத்தில் மற்றதெல்லாம். பராமரிப்பு ஒருங்கிணைப்புக் கட்டணம். துணி கையாளும் கட்டணம். பில் தயாரிக்கும் கட்டணம் என்றுகூட ஒன்று இருக்கிறது. இப்போது புதிதாக அழைப்புச் சேவை. நீங்கள் ஒவ்வொரு தடவை மணியை அமுக்கும்போதும் உங்கள் கட்டில் கணக்கில் ஏறுகிறது. கேட்டால், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லையா என்கிறார்கள். நான் அன்றைக்கு அழுதுகொண்டிருந்தேன், பின்பக்கத்தை எங்கே பார்த்தேன்.

இதில் வேடிக்கை, நான் செய்கிறதும் இதே வேலைதான். போனில் விமான டிக்கெட் கேட்கிறவர்களுக்கு முதலில் சின்னத் தொகையைச் சொல்ல வேண்டும். பெயர், பிறந்த தேதி எல்லாம் கொடுத்து முடித்த பிறகு இருக்கைக்கு, பெட்டிக்கு, பதிவுக்கு என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதற்குள் அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். சரி சரி, போடுங்கள் என்பார்கள். அந்தச் சரி சரியை இப்போது நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவருக்கு முதுகு வலி, வேலைக்குப் போய் நாளாகிறது. நான் இரண்டாவது ஷிப்டும் பார்க்கிறேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். உடம்புக்கு ஏதாவது என்றால் கட்டாயம் அடியுங்கள் அப்பா. பேச்சுத் துணைக்கு மட்டும் வேண்டாம். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேத்தி பாஸ். டிரைவர் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 17

குட்டிம்மா,

உன் கடிதத்தைத் தையல்காரர் படித்து முடித்து, மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்தார். டிரைவர்தான், "பில்லு போடறதுக்கே பில்லா?" என்று கேட்டார். டிக்கெட் கிழிக்கிறதுக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தால் தன் கண்டக்டர் மாடி வீடு கட்டியிருப்பான் என்றார். சிரித்தோம். அப்புறம் அவர் மகனைக் கேட்டதில், அவனும் வாயைத் திறக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. அன்றைக்கு டிரைவர் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று நான் கேட்டதற்கு நீ இன்னொரு ஷிப்ட் போயிருக்கிறாய்.

இப்போது நாலு பேரும் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். தண்ணீர் வேண்டியவர் பொறுத்திருப்பார், போர்வை வேண்டியவர் பொறுத்திருப்பார். எல்லாம் ஒன்று சேர்ந்த பிறகு அன்றைய முறைக்காரர் மட்டும் தன் மணியை அமுக்குவார். இன்றைக்குத் தையல்காரர் கணக்கு, நாளைக்கு டிரைவர், அப்புறம் சம்பந்தி, அப்புறம் நான். நர்ஸ் பெண் உள்ளே வந்ததும் நாலு பேரும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறோம். முதல் நாள் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

யாருக்கு என்ன வேண்டும் என்று கத்தினால் எனக்குக் கேட்கப்போவதில்லை. அதனால் துறைமுகத்துக் கைகளை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேலே கிரேனில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே நிற்கிறவன் குரல் எட்டாது, அவனுக்குக் கை காட்டித்தானே உன்னை வளர்த்தேன். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. இங்கே அதற்கு, எழுந்து உட்காரணும். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, அதாவது படுக்கணும். சம்பந்தி இரண்டையும் மாற்றிக் காட்டி, தூங்கப்போன மனுஷனை அவள் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். அவரும் உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று என்று அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளங்கையைத் தரையைப் பார்க்கப் பிடித்து, கையை நீட்டிக் குறுக்கே வீசினால் நிறுத்து. அந்த ஒரு கையை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் கை காட்டுகிறவன் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், கூட்டிப் பெருக்குகிறவன் காட்டினாலும் சரி. ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. பார்த்த உடனே நின்றுவிட வேண்டும். மஞ்சள் கிரேன் சாய்ந்த அன்றைக்கு ஒருத்தன் ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றானாம்.

நீ இரண்டாவது ஷிப்டை விட்டுவிடு.

(தையல்காரன் எழுதுவது: நாங்கள் ஏதோ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்று பக்கத்து அறையில் பேச்சு. உங்கள் அப்பா ரொம்பக் கண்டிப்பு, கை வளைந்தால் திட்டுகிறார். நீங்கள் கவலைப்படாதீர்கள் அம்மா. உங்கள் கணக்கில் அநாவசியமாக ஏறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.)

உன் அப்பா


மே 20

அன்புள்ள அப்பா,

இந்த மாதம் பில் குறைந்திருக்கிறது. பார்த்ததும் ரொம்ப நேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் நாலு பேருக்கும் நன்றி.

அங்கே நம் நாட்டில் அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவருகிறதாமே. அறை, கட்டில், டிக்கெட், எதை விற்றாலும் மொத்தம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். பின்பக்கத்தில் ஒளித்துவைத்துப் பிறகு சேர்க்கக்கூடாதாம். படித்துவிட்டு, நானும் ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். என்ன நடக்கும் என்று தெரியாது. எதிர்பார்க்கவும் தெம்பில்லை.

தையல்காரர் மாமாவுக்கு ஒரு சட்டைத் துணி அனுப்பியிருக்கிறேன், வெளிர் சாம்பல் நிறம். தைக்கக் கை ஒத்துழைக்காவிட்டாலும் தொட்டுப் பார்க்கட்டும். நல்ல துணியா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்


ஜூலை 2

குட்டிம்மா,

கையெழுத்து வேறாக இருக்கும். இதை எழுதுவது இங்கே துணி துவைக்கிற அம்மா. வேலை முடிந்து போகிற வழியில் உட்கார்ந்து எழுதுகிறாள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தையல்காரர் போய்விட்டார். ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, மூச்சு முட்டி.

உன் துணி அதற்கு மறுவாரம் வந்தது. பிரித்து, ஜன்னலோரக் கட்டிலில் விரித்துவைத்திருக்கிறேன். அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. நல்ல துணியா என்று எனக்குத் தெரியாது.

நீ எழுதியிருந்த சட்டம் வந்துவிட்டது. வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு, துணி, பில், மணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே தொகையாக எழுதியிருக்கிறதாம். எதையும் குறைக்கவில்லை, ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். டிரைவர் மகன் பார்க்க வந்தவன் பலகைக்கு முன்னால் நின்று படித்தான். உள்ளே வந்து அப்பாவின் துணியை மடித்து வைத்தான். சாயங்காலமே கூட்டிக்கொண்டு போய்விட்டான். டிரைவர் போகும்போது படியில் நின்று எனக்குத் தூக்கு என்று கை காட்டினார். இறக்கு என்றும் காட்டினார். எதைச் சொல்ல வந்தார் என்று தெரியவில்லை.

மணிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். இந்த மணிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று போட்டிருக்கிறது என்று இந்த அம்மா படித்துச் சொன்னாள். படிக்கத் தெரியாதவன் தலைமாட்டில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது அறையில் நானும் சம்பந்தியும்தான். அவருக்குச் சளி.

உன் புகாரை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வரப்போகிறார்கள் என்று சொல்கிறார்கள். பலகைத் தொகையைக் கேட்டு நீ மலைத்துப்போயிருப்பாய். முடியாவிட்டால் சொல், மலிவாக வேறு இடம் பார்க்கலாம். எனக்கு ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் போதும். ஜன்னல் இல்லாவிட்டாலும் சரி.

உன் அப்பா


செப்டம்பர் 11

அன்புள்ள அப்பா,

அந்த அதிகாரி அம்மா எனக்குப் போன் செய்தார்கள். ரொம்பப் பொறுமையாகப் பேசினார்கள். இல்லத்தின் கணினியில் யார் எப்போது மணி அடித்தார்கள் என்பது எல்லாம் இருக்கிறதாம். தையல்காரர் மாமா போன அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் அறையிலிருந்து ஒரு மணிகூட வரவில்லையாம். யாரும் கூப்பிடவில்லை, எங்கள் மேல் தப்பில்லை என்று இல்லத்தில் சொல்கிறார்களாம். நாலு பேர் இருக்கிற அறையில் ஏன் யாருமே அடிக்கவில்லை என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அப்பா, என் கடிதத்தாலா?

அதை அவர் சத்தமாகத்தானே படித்திருப்பார். நான் எழுதியது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. உடம்புக்கு என்றால் கட்டாயம் அடியுங்கள் என்றும் எழுதினேன். ஆனால் இரண்டாவது ஷிப்டைப் பற்றி எழுதிவிட்டு அதை எழுதினால் யார் அடிப்பார்கள்.

என்னிடம் மழுப்பாதீர்கள். அன்றைக்கு யார் முறை?

நேற்று ஒரு பெரியவர் டிக்கெட் கேட்டுப் போன் செய்தார். மகளைப் பார்க்கப் போகிறாராம். மொத்தத் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டார். எங்கள் ஆபீஸ் மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

உங்கள் மகள்


அக்டோபர் 6

குட்டிம்மா,

என் முறை.

நீ கேட்டுவிட்டாய், நான் சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

வெயில் கட்டிலின் கால் வரைக்கும் வந்திருந்தது. சம்பந்தி தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். தையல்காரர் இருமிக்கொண்டிருந்தார், எனக்குச் சத்தம் கேட்காது, தோள் குலுங்குவதைப் பார்த்தேன். குலுங்குவது நின்று, கை நெஞ்சுக்குப் போனது. நான் திரும்பிப் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வேலையில் பழகிய பழக்கம், ஒன்றைத் தூக்குவதற்கு முன்னால் எதிரே ஒரு தடவை பார்த்துக்கொள்வது.

அவர் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கப் பிடித்து, குறுக்கே வீசினார். கை வளையவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக அறையில் யாரும் காட்டியதில்லை.

என் விரல் நின்றுவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. யோசித்து நிறுத்தினேன் என்றால் அது பொய். ஆயுசு பூராவும் அந்தக் கைக்கு நின்ற விரல். அவர் வாயும் அசைந்தது. என்ன சொன்னார் என்று அப்புறம் டிரைவர்தான் எனக்குச் சொன்னார். "பாவம், பொண்ணு கணக்கு. இப்ப ரவுண்டுக்கு வந்துருவாங்க" என்றாராம். டிரைவருக்கு நான் அமுக்கிவிட்டேன் என்றே நினைப்பு, பொத்தான் மேல் விரலைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். முறை என்று ஒன்று வைத்தால் மற்றவர்கள் கை அப்படித்தான் சும்மா இருந்துவிடுகிறது. நான் தையல்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீட்டியபடியே இருந்தது. நீட்டியிருக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். அது கீழே விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. திரும்பி அமுக்கப் போகும்போது நர்ஸ் பெண் ரவுண்டுக்கு வந்து நின்றாள்.

உன் கடிதத்தின் மேல் தப்பில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை. நீ பாரம் தாங்காமல் அப்பாவிடம் சொன்னாய். அப்பாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய். அவர் கை காட்டினார், நான் நின்றேன். இதில் எதைப் பிடுங்கி எறிந்தாலும் அவர் இருந்திருப்பார், முதலில் பிடுங்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை. அதைப் பிடுங்கிவிட்டார்கள். கொஞ்சம் தாமதமாக.

அந்த அதிகாரி அம்மா வந்தார்கள். களைத்த முகம், செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. எந்தெந்த ஊரில் எத்தனை இல்லம் ஏறி இறங்குகிறார்களோ. கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள், எனக்குப் படிக்கத் தெரியாது என்றதும் சிரித்துவிட்டு, காதருகே வந்து கத்தினார்கள். ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டார்கள். "விலை சொல்லாம வச்ச மணிம்மா, தொடவே பயமா இருந்துச்சு" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். அந்த இல்லையை அவர்கள் எழுதவில்லை, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையை மூடினார்கள். இல்லத்தின் மேல் நடவடிக்கை வரும், இனி எந்த இல்லத்திலும் மணிக்கு இப்படிப் போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லதுதான்.

அவர்கள் போன பிறகு நான் மணியை அமுக்கிப் பார்த்தேன். நர்ஸ் பெண் வந்தாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த துணியை நீவிவிட்டுப் போனாள்.

நீ இனிமேல் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கும் வேண்டாம். இதை எழுதுகிற அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எத்தனையோ பேர் கறையைத் துவைத்திருக்கிறேன், யார் கறை என்று ஒருத்தருக்கும் சொன்னதில்லை என்கிறாள். பில்லைப் பற்றி நீ எழுதிய அந்தக் கடிதம் படிக்கப்பட்டபோது அறையில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். படித்தவர் தையல்காரர். அவர் இல்லை. பில்லுக்கு ஒரு பில்லா என்று கேட்டவர் டிரைவர். மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தார், நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்களாம், தூக்கத்தில் போய்விட்டார். சம்பந்தி போன வாரம். சளி நெஞ்சில் கட்டிவிட்டது. மணி அடித்தேன், எல்லாரும் ஓடிவந்தார்கள், டாக்டரும் வந்தார். கடைசியாக டாக்டரிடம் தம்பி இருக்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

உன் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பது ஒரே ஆள். காதும் கேட்காது, எழுதவும் தெரியாது, அவனிடமிருந்து வெளியே போகாது.

உன் அப்பா